ஊருணியில் பிள்ளைகளை நீந்த விடலாமா?

காரைக்குடிக்குத் தெற்கே உள்ள உங்கள் ஊரில், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் அனுப்பிய பணத்தைக் கொண்டு ஊருணியைத் தூர்வாரி, படித்துறையையும் புதுப்பித்திருக்கிறீர்கள். பங்குனி உத்திரத் தீர்த்தவாரியை அங்கேயே நடத்த வேண்டும் என்றும், மே விடுமுறையில் பிள்ளைகள் அங்கே நீந்திப் பழக வேண்டும் என்றும் ஊர்க்கூட்டத்தில் பேச்சு நடந்திருக்கிறது. மாசி மாதத்தில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் படித்துறையில் இருந்து ஒரு புட்டி நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியதில், மொத்தக் கோலிஃபார்ம் (நீரின் மாசைக் காட்டும் பாக்டீரியாக்கள்) 1,600, மலக்கோலிஃபார்ம் (அவற்றில் மலத்தோடு வருபவை) 540, பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8.4, கரைந்த ஆக்சிஜன் 9.1, பி.ஓ.டி. (நீரில் உள்ள அழுகலைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 4 என்று அறிக்கை வந்திருக்கிறது. இந்த எண்கள் சரியா, சரியில்லை என்றால் எத்தனை கிலோ பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் எதைப் பார்த்து, எதைச் செய்து, எந்த மாதத்தில் திறந்து எந்த மாதத்தில் மூடினால், நாளை ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது "தெரிந்தே விட்டீர்களே" என்ற பேச்சுக்கு ஆளாகாமல் இருக்கலாம் என்பதுதான் உங்கள் மனத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கே விடை சொல்ல முயல்கிறேன்.

நான் குடிநீர் ஆய்வகத்தின் நுண்ணுயிரியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் ஊருணிகள், கிணறுகள், தெப்பக்குளங்கள் ஆகியவற்றில் இருந்து வந்த புட்டிகளைப் பல ஆண்டுகள் கையாண்டிருக்கிறேன். ஆகவே நீரைப் பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். நோயைப் பற்றிச் சொல்லும் இடங்களில் மருத்துவரின் சொல்லே முடிவானது. உங்கள் ஊருணியை நான் நேரில் பார்த்ததில்லை என்பதால், நீங்கள் எழுதியதை வைத்து ஊகித்தவற்றை ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எண்கள். குளிக்கும் நீருக்கென்று ஓர் அளவுகோல் நம் நாட்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் 2000ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அதன்படி 100 மில்லிலிட்டர் நீரில் மலக்கோலிஃபார்ம் 500க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500ஐத் தாண்டக் கூடாது, மலத்தோடு வரும் இன்னொரு வகை பாக்டீரியாவான மல ஸ்ட்ரெப்டோகாக்கை 100க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 500ஐத் தாண்டக் கூடாது, பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம்; கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது; பி.ஓ.டி. 3 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. இந்தக் கணக்கில் உங்கள் நீர் ஏறக்குறைய எல்லைக்கோட்டில் நிற்கிறது. கூட்டத்தில் ஒருவர், "500க்குப் பதில் 540, இதற்கா இவ்வளவு யோசனை?" என்று கேட்டதாகவும், இன்னொருவர் "விதியை மீறியது மீறியதுதான்" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இருவருமே அந்த எண்ணுக்கு இல்லாத துல்லியத்தை அதற்குக் கொடுக்கிறார்கள்.

540 என்பது யாரும் ஒவ்வொன்றாக எண்ணிக் கண்ட எண் அன்று. நீரை மூன்று அளவுகளில், ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து குழாய்கள் வீதம் பதினைந்து குழாய்களில் ஊட்டக் கரைசலோடு சேர்த்து வைத்து, எத்தனை குழாய்களில் வாயு எழுகிறது என்று பார்த்து, அச்சிட்ட அட்டவணையில் இருந்து எடுத்து எழுதும் மதிப்பீடு அது. அந்த அட்டவணையின் மேற்பகுதியில் 350க்கு அடுத்து வழக்கமாக வரும் படி 540, அதற்கடுத்து 920, அதற்கடுத்து 1,600. ஒரே ஒரு குழாயில் வாயு கூடவோ குறையவோ செய்தால் எண் ஒரு படி தாவிவிடும். அறிக்கையில் 540 என்று இருந்தால் உண்மை நிலை இருநூறுக்குப் பக்கத்திலும் இருக்கலாம், ஆயிரத்தைத் தாண்டியும் இருக்கலாம் என்று அந்த அட்டவணையே பக்கத்துப் பத்தியில் சொல்கிறது. அறிக்கைத் தாளில் அந்தப் பத்தியை யாரும் அச்சிடுவதில்லை. மொத்தக் கோலிஃபார்ம் 1,600 என்பது அட்டவணையின் உச்சி. அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் அந்தச் சோதனையில் தெரியாது. மேலும் மொத்தக் கோலிஃபார்மில் மண்ணிலும் அழுகிய இலையிலும் வாழ்பவையும் அடங்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'பி' வகுப்பு, குளிக்கும் நீரில் மொத்தக் கோலிஃபார்ம் 500க்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனாலும் திறந்த வெளியில் கிடக்கும் ஊருணியைப் பொறுத்தவரை அந்த வரியை வைத்து நான் எந்த முடிவும் எடுப்பதில்லை.

உங்கள் அறிக்கையில் நான் சற்று நேரம் நின்று பார்த்த எண் வேறொன்று. கரைந்த ஆக்சிஜன் 9.1 என்பதைப் பார்த்து, தேவைக்கு மேலேயே இருக்கிறதே என்று மகிழ்ந்திருப்பீர்கள். 28 டிகிரி வெப்பத்தில் நீர் காற்றில் இருந்து தானாக இழுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம்தான். அதற்கு மேல் இருப்பது, காலை வெயிலில் பாசி உண்டாக்கிச் சேர்த்தது. பி.எச். 8.4 வரை ஏறியிருப்பதும் அதே பாசி நீரில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டதால்தான் இருக்க வேண்டும். இரவில் இதே பாசி ஆக்சிஜனைத் தின்னும். விடியற்காலை ஐந்து மணிக்கு எடுத்திருந்தால் அந்த எண் வெகுவாகக் குறைந்திருக்கும். தூர்வாரி ஓர் ஆண்டுகூட ஆகாத ஊருணியில், மாசியிலேயே இவ்வளவு பாசி செழிக்கிறது என்றால் அதற்கு எங்கிருந்தோ சத்து வந்துகொண்டிருக்கிறது. அது சாக்கடையாக இருக்கலாம், மீன் வளர்ப்பவர் போடும் தீனியாக இருக்கலாம். இது ஊகம், ஆனால் வலுவான ஊகம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியம் இங்கே பொருந்திப் போகிறது. "கோயில் தெருச் சாக்கடை வடகிழக்கு மூலையில் வந்து சேர்கிறது, ஆனால் கோடையில் காய்ந்துதான் கிடக்கும்" என்றீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த மூலையில்தான் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்களைத் திட்டமிட்டுக் கட்டியவர்கள், வீட்டு முற்றத்தில் விழுந்த மழையும் தெருவில் ஓடிய மழையும் வீணாகாமல் வரத்துக்கால் (நீர் வந்து சேரும் கால்வாய்) வழியே ஊருணிக்குச் சேருமாறு தெருவின் சரிவையே அமைத்தார்கள். அன்று அந்தக் காலில் மழைநீர் மட்டுமே ஓடியது. பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது, குளியலறை வந்தது, செப்டிக் டேங்க் வந்தது. கழிவுநீருக்கென்று தனி வழி மட்டும் பல ஊர்களில் வரவில்லை. மழைநீருக்காகப் போட்ட சரிவு அப்படியே இருக்க, அதில் இன்று சமையலறை நீரும் சலவை நீரும், சில வீடுகளில் செப்டிக் டேங்கின் வழிநீரும் இறங்குகின்றன. ஊருணியைத் தூர்வாரும்போது வரத்துக்காலையும் சேர்த்துச் சீர்ப்படுத்தியிருப்பீர்கள். மழைநீர் தடையின்றி வரவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் சாக்கடைக்கும் அதே வேலை சுலபமாகிவிட்டிருக்கும்.

ஆகவே ஒரு காலை வேளையில் நாலு பேர் சேர்ந்து, படித்துறையில் தொடங்கி வரத்துக்காலின் தலைப்பு வரை நடந்து பாருங்கள். நீர் ஆய்வை விட இதற்கே நான் முன்னிடம் தருவேன். உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியும் நுண்ணுயிர் எண்ணை மட்டும் பார்க்காமல், இத்தகைய நேரடிப் பார்வையோடு சேர்த்தே ஒரு நீர்நிலையை மதிப்பிடச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ஆணையும், குளிக்கும் நீர்நிலை ஒவ்வொன்றுக்கும் மாசு எங்கிருந்து வரக்கூடும் என்ற விவரக்குறிப்பு தயாரிக்க வேண்டும் என்கிறது. நடக்கும்போது எந்தெந்த வீட்டுக் குழாய் காலுக்குள் திறக்கிறது, எந்த இடத்தில் கறுத்த சேறும் நாற்றமும் இருக்கிறது, எந்த இடத்தில் கோடையிலும் புல் பச்சையாக நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழையில்லாத நாளில் ஈரம் இருந்தால் அது மழைநீர் அன்று. கரையைச் சுற்றி மலம் கழிக்கும் பழக்கம் இன்னும் மிச்சமிருக்கிறதா, ஆடுமாடுகள் எந்த வழியாக நீருக்குள் இறங்குகின்றன, குப்பை கொட்டும் இடம் காலுக்கு மேட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த நடையில் சில வீட்டுக்காரர்களின் மனம் புண்படும். அதைச் சமாளிப்பது என் துறை அன்று, உங்கள் ஊர்ப் பெரியவர்களின் வேலை. குளியலறை, சமையலறை நீரை அந்தந்த வீட்டிலேயே உறிஞ்சு குழிக்குள் விடச் செய்யலாம். நம் பக்கத்துச் செம்மண்ணில் அது பெரும்பாலும் நன்றாகவே இறங்கும், செம்புறாங்கல் பாறை மேலெழுந்து நிற்கும் இடங்களில் இறங்காது. குடிநீர்க் கிணறு பக்கத்தில் இருந்தால் குழி எங்கே வரலாம் என்று பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் தோண்ட வேண்டாம். செப்டிக் டேங்கின் வழிநீர் மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் வரத்துக்காலுக்கு வரக் கூடாது. ஊருணிக்குள் நுழையும் இடத்தில் ஒரு வண்டல் தொட்டியும், பலகை போட்டு அடைக்கிற சிறிய மடையும் வைத்துவிட்டால், முதல் மழையின் அழுக்கு நீரை உள்ளே விடாமல் பக்கவாட்டில் திருப்பலாம்.

அந்த முதல் மழையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பகுதிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஐப்பசியில் வரத்துக்காலில் செந்நீர் புரண்டு வந்து, வறண்டு கிடந்த ஊருணி நிறையத் தொடங்கினால், அன்று மாலையே பிள்ளைகள் போய்க் குதிப்பார்கள். அதைப் பார்க்கும் மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் ஆண்டு முழுவதிலும் நுண்ணுயிர்க் கணக்கில் மிக மோசமான நீர் அந்தச் சில நாட்களின் நீர்தான். ஐந்தாறு மாதம் தெருவிலும் கரையிலும் காய்ந்து கிடந்த மலமும் சாணமும் குப்பைச் சாறும் ஒரே வேகத்தில் உள்ளே வருகின்றன. ஐரோப்பிய ஆணையில் மழையால் வரும் இத்தகைய குறுகியகால மாசு ஏறத்தாழ 72 மணி நேரத்துக்குள் நீங்கிவிடும் என்ற கருத்து இருக்கிறது. அது பெரும்பாலும் ஓடும் ஆற்றையும் அலையடிக்கும் கடலையும் மனத்தில் வைத்துச் சொன்னது. ஊருணிக்கு வெளியேறும் வழி இல்லை. அங்கே கிருமி குறைவதற்கு வெயில், வண்டலோடு அடியில் படிதல், சின்னஞ்சிறு உயிர்கள் தின்று தீர்த்தல் ஆகிய மூன்றே வழிகள். கலங்கிய நீருக்குள் வெயில் இறங்காது. எனவே நம் ஊருணிக்கு 72 மணி நேரம் போதாது. நீர் தெளியும் வரை, குறைந்தது இரண்டு வாரம் என்று நான் சொல்வேன். அந்த இரண்டு வாரம் என்பது என் அனுபவக் கணக்கு, எந்த விதியிலும் இருப்பது அன்று.

கார்த்திகைக் கடைசி மழையும் ஓய்ந்து, நீர் நிறைந்து, தெளிந்து, குளிர்ந்து நிற்கும் தை, மாசி மாதங்களே இருப்பவற்றில் நல்ல காலம். பங்குனிக்கு மேல் நீர் குறையக் குறைய, வந்து சேர்ந்த உப்பும் சத்தும் அதே அளவில் மிஞ்சி அடர்த்தியாகும், நீர் சூடேறும், பாசி தடிக்கும். நீங்கள் திறக்க நினைக்கும் பங்குனியும் மே மாதமும் ஆண்டின் இறங்குமுகத்தில்தான் வருகின்றன. உங்கள் மாசி அறிக்கையை மே மாதத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

இனி பிளீச்சிங் பவுடர். ஒரு ஏக்கர் பரப்பும் சராசரி இரண்டு மீட்டர் ஆழமும் இருந்தால் உங்கள் ஊருணியில் சுமார் 81 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் 8 கிலோவுக்குச் சற்று மேல் குளோரின் தேவை. புதிய பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் என்று வைத்தால் 25 கிலோ, வெயிலில் கிடந்து வலுவிழந்து 25 சதவீதமாகிவிட்ட மூட்டையானால் 32 கிலோ. கூட்டத்தில் யாரோ சொன்ன "ஒரு மூட்டை" என்ற கணக்கு அங்கிருந்து வந்திருக்கலாம். கணக்கு தப்பில்லை, பயன்தான் இல்லை. பாசியும் சேறும் அழுகலும் நிறைந்த நீரில், போட்ட குளோரினைக் கிருமிக்கு முன்னால் அவையே தின்றுவிடும். மிச்சமிருப்பதை வெயில் சில மணி நேரத்தில் சிதைத்துவிடும். அதற்கும் மேலே பி.எச். ஒரு தடை: 7.5இல் குளோரினில் பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும், 8.5இல் பத்தில் ஒரு பங்குதான் அப்படி இருக்கும். உங்கள் ஊருணி காலையிலேயே 8.4இல் இருக்கிறது, பிற்பகலில் இன்னும் ஏறும். இத்தனையையும் வெல்லும் அளவுக்கு மூட்டை மூட்டையாகக் கொட்டினால் மீன் முதலில் சாகும், பிறகு தவளையும் நத்தையும், பிறகு அவற்றின் அழுகலில் நீர் முன்னைவிடக் கெடும். பாசிக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்துவிடலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், நீர்த்தேக்கத்தில் பெருகிய பாசியைக் கொல்ல மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்து உடைந்து அதன் நஞ்சு நீரில் கலந்து, அதைக் குடித்த 148 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு நோயுற்றார்கள்.

அந்த நஞ்சு எல்லாப் பாசியிலும் இல்லை. இழை இழையாகவோ வழவழப்பாகவோ கல்லில் ஒட்டும் பச்சைப் பாசி வழுக்குமே தவிர பெரும்பாலும் நஞ்சு உடையது அன்று. காற்று ஒதுக்கும் கரையோரத்தில் பச்சை வண்ணத்தைக் கரைத்துக் கொட்டியது போல ஏடு படிந்து, வெயிலில் நீலம் பாய்ந்து நாறத் தொடங்கினால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கும். அது எல்லா நேரமும் நஞ்சு கக்குவதில்லை. கக்குகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே ஏடு தெரிந்த நாளில் பிள்ளைகளையும் மாடுகளையும் நாய்களையும் இறக்காமல் இருப்பதே வழி. நீரைக் காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. மீன்பாசி குத்தகை (மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) விடும்போது, கோழி எருவும் சாணமும் கொட்டி மீன் வளர்க்கக் கூடாது என்று குத்தகைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். குத்தகைப் பணம் குறையும். குளிக்கும் ஊருணியில் இருந்து வருமானமும் எதிர்பார்க்கிற வழக்கமே எனக்கு உடன்பாடில்லாத ஒன்று.

நோய்களைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. குளிக்கும் நீரால் வருவதில் மிகுதியானவை வயிற்றுப்போக்கு, வாந்தி, கண், காது, தோல் தொல்லைகள். பெரும்பாலும் சில நாளில் தாமே தீர்பவை. பிள்ளைகளுக்கு அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. ஒரு நீச்சல்குளத்தில் அமெரிக்கர்கள் செய்த அளவீட்டில், முக்கால் மணி நேரத்தில் பெரியவர்கள் சராசரியாக 16 மில்லிலிட்டர் நீரை விழுங்க, சிறுவர்கள் 37 மில்லிலிட்டர் விழுங்கினார்கள். எலிக்காய்ச்சல் இதைவிடக் கடுமையானது; எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீர் காலில் உள்ள புண்ணிலோ கண்ணிலோ படுவதால் வரும். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில், சில வேளை ஒரு மாதம் வரை கழித்துக்கூட, காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாகத் தொடங்கும். முன்கூட்டியே தெரிந்தால் எளிய மருந்திலேயே குணமாகும் என்பதால், மருத்துவரிடம் போகும்போது "ஊருணியில் குளித்தான்" என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. மூளை தின்னும் அமீபா என்று செய்திகளில் வருவது மிக அரிது; நெக்லேரியா என்னும் அந்த அமீபாவால் உலகம் முழுவதும் பதிவான நோயாளிகளே சில நூறு பேர்தான். ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்ட பிறகு உங்கள் ஊர்த் தாய்மார்கள் அஞ்சுவது இயல்பே. அது குடிப்பதால் வருவதில்லை. சூடான நன்னீர் மூக்கில் வேகமாக ஏறும்போதுதான் வரும். கோடையில் ஆழம் குறைந்து, நீர் வெதுவெதுப்பாகி, அடிச்சேறு கலங்கும் ஊருணியில் தலைகீழாகக் குதிப்பதும் மூழ்கி மண் எடுத்து வருவதும் அதற்கு வழிவிடும் செயல்கள். மலக்கோலிஃபார்ம் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த அமீபாவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஐயத்துக்கு உரியது எது என்றும் சொல்ல வேண்டும். மலக்கோலிஃபார்ம் இவ்வளவு இருந்தால் இத்தனை பேருக்கு நோய் வரும் என்ற கணக்குகள், பெரும்பாலும் குளிர்நாடுகளில், நகரத்துச் சாக்கடை கலக்கும் கடற்கரைகளிலும் ஏரிகளிலும் குளித்தவர்களைத் தொடர்ந்து கவனித்து எடுக்கப்பட்டவை. வெப்பநாடுகளின் ஈரமண்ணில், மலக்கோலிஃபார்மில் முக்கியமானதான ஈ.கோலை தானே வாழ்ந்து பெருகவும் கூடும் என்று ஹவாய் போன்ற இடங்களில் கண்டிருக்கிறார்கள்; அப்படியானால் எண் ஏறியிருப்பது எப்போதும் புதிய மலத்தைக் குறிக்காது. ஆடுமாட்டின் வழியாக வந்த 540உம் மனித மலத்தின் வழியாக வந்த 540உம் ஒரே அளவு ஆபத்தானவையா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. மனித மலமே மிகுந்த ஆபத்து என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள், மாட்டுச் சாணம் வெகுவாகப் பின்தங்கியதில்லை என்பாரும் இருக்கிறார்கள். இந்த ஐயங்கள் இருப்பதனால்தான் நான் எண்ணை விட்டுவிட்டு வரத்துக்காலைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் காலில் செப்டிக் டேங்க் நீர் வருகிறது என்றால், அறிக்கையில் 200 என்று இருந்தாலும் பிள்ளைகளை இறக்க நான் சம்மதிக்க மாட்டேன். வரவில்லை, கரையும் சுத்தம் என்றால், 540 என்பதற்காக மட்டும் தை, மாசியில் மூடச் சொல்ல மாட்டேன்.

பங்குனித் தீர்த்தவாரிக்கு இப்படிச் செய்யலாம். சுவாமி தீர்த்தம் ஆடுவதும், உடன் இறங்கும் சிலர் முழுகுவதும் ஊருணியில் நடக்கட்டும். திரளும் மற்றவர்களுக்கு ஆழ்குழாய் நீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, குளோரின் சேர்த்து, படித்துறை ஓரமாகக் குழாய்த் தூவல் அமைத்துவிடுங்கள். இப்போது பல கோயில்களில் இதுவே வழக்கமாகிவருகிறது. 20,000 லிட்டர் தொட்டிக்கு 60 முதல் 80 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றினால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கிடைக்கும். தேங்கி நிற்கும் நீரில் ஆயிரம் பேர் ஒரே காலையில் இறங்கினால், குளிப்பவர்களின் உடலில் இருந்தே அன்றைய மாசு வந்து சேரும். வரத்துக்கால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அன்று அது உதவாது. வருபவர்களுக்குக் கழிப்பறை வசதி எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள், அது வரத்துக்காலின் மேட்டில் அமையக் கூடாது. சோப்பு, ஷாம்பு, பழைய துணி எதையும் நீரில் விடக் கூடாது என்பதை அறிவிப்புப் பலகையை நம்பி விட்டுவிடாமல், படியில் இரண்டு பேரை நிறுத்திச் சொல்லச் செய்தால்தான் நடக்கும்.

மே மாத நீச்சலுக்கு என் விடை இந்த ஆண்டு வேண்டாம் என்பதே. சாக்கடை இன்னும் திருப்பப்படவில்லை, பாசி மாசியிலேயே தொடங்கிவிட்டது, நீர் குறைந்து சூடேறும். இவற்றோடு மாசுக்குத் தொடர்பில்லாத, ஆனால் அதைவிடக் கொடிய ஒன்றும் இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. சிறுபிள்ளைகள் அதில் மிகுதி. தூர்வாரிய எந்திரம் சரிவாக மண்ணை எடுத்ததா, நடுவில் பள்ளம் விட்டுப் போயிருக்கிறதா என்று தெரியாமல் எந்தப் பிள்ளையையும் இறக்கக் கூடாது. கலங்கிய நீரில் மூழ்கியவனைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தட்டு அளவுள்ள ஒரு வெள்ளைத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போனால், நுண்ணுயிர் எண் எதுவாக இருந்தாலும், அது பிள்ளைகள் நீந்திப் பழகும் நீர் அன்று. நீந்தக் கற்றுக்கொடுப்பது அவசியமான வேலை; அதை இந்த ஆண்டு குளோரின் அளவைத் தினமும் பார்க்கிற நீச்சல்குளத்திலோ, படி உள்ள நல்ல தோட்டக் கிணற்றில் இடுப்பில் கயிறு கட்டி, பெரியவர் ஒருவர் கூடவே இறங்கியோ செய்யுங்கள்.

வரத்துக்கால் வேலை முடிந்து, அடுத்த மழையில் ஊருணி நிறைந்து தெளிந்த பிறகு, தை முதல் மாதத்துக்கு ஒரு தடவை நீரை அனுப்புங்கள். படித்துறையில் ஒன்று, வரத்துக்கால் நுழையும் மூலையில் ஒன்று, எதிர்க்கரையில் ஒன்று என மூன்று புட்டிகள்; மூலையின் எண் மற்ற இரண்டை விடப் பல மடங்கு ஏறியிருந்தால் கழிவு எந்த வழியாக வருகிறது என்று ஊரார்க்கு விளக்க வேண்டியே இருக்காது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியையே பயன்படுத்துங்கள். சூரியன் ஏறுவதற்குள், இடுப்பளவு ஆழத்தில் நின்று, கலக்கிய சேறு அடங்கிய பிறகு, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே புட்டியின் வாயைத் திறந்து நிரப்ப வேண்டும். பதினொரு மணிக்கு எடுத்தால் வெயில் பாதிக் கிருமியைக் கொன்றுவிட்டு உங்களுக்கு நல்ல எண்ணைக் காட்டும். ஐஸ் போட்ட பெட்டியில், வெளிச்சம் படாமல், ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். மலக்கோலிஃபார்மோடு மல ஸ்ட்ரெப்டோகாக்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; கேட்காவிட்டால் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். கறுத்தால் கெட்ட நீர் என்று குடிநீருக்குக் கொடுக்கும் சிறு குப்பிச் சோதனை ஊருணிக்கு உதவாது, எந்த ஊருணி நீரிலும் அது கறுக்கும். ஒவ்வொரு புட்டியின் மேலும் தேதி, நேரம், இடம், கடைசி மழை எப்போது என்ற நான்கையும் எழுதி, அறிக்கைகளை ஊராட்சி அலுவலகத்தில் ஒரே கோப்பில் வைத்து வாருங்கள். நான்கைந்து மாத எண்கள் சேர்ந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.